யுபாங்கியின் வண்டிப் பாட்டு: கிட்டாரில் இதுவரை

அதாவால்பா யுபாங்கியின் 'லோஸ் எஹேஸ் தே மி கர்ரேத்தா' பாட்டைக் கொஞ்ச காலமாகக் கிட்டாரில் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒருவழியாக ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நிற்காமல் போகிறது, அதனால் பிடிபட்டதையும் இன்னும் பிடிபடாததையும் எழுதி வைக்கிறேன், இதே பாட்டில் யாராவது கை வைத்தால் உதவும்.

யுபாங்கி அர்ஜென்டினாக்காரர். 1908இல் பிறந்தார், 1992இல் பிரான்ஸில் நீம் நகரத்தில் இறந்தார். எக்தோர் ரொபேர்த்தோ சாவேரோ என்பதுதான் இயற்பெயர், மேடைப்பெயர் இன்கா அரசர்களிடமிருந்து எடுத்தது. பெரும்பாலும் தானே எழுதி, மெட்டுப் போட்டு, ஒற்றைக் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிறவர். இந்தப் பாட்டுக்கு வரிகள் உருகுவே கவிஞர் ரொமில்தோ ரிஸ்ஸோவுடையவை, மெட்டுதான் இவருடையது.

விஷயம் இவ்வளவுதான்: வண்டியின் அச்சுக்கு மசகு போடாததால் ஊரார் வண்டிக்காரனைச் சோம்பேறி என்கிறார்கள். சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, எதற்கு மசகு என்கிறான் அவன். தனியாகவே போகிற நீண்ட பாதை, அமைதி வேண்டாம், யோசிக்க எதுவும் இல்லை என்கிறான். அப்புறம் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறான்: முன்பு இருந்தது, ரொம்ப நாள் முன்னால், இப்போது யோசிப்பதில்லை. என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

சரி, கைவேலைக்கு வருவோம். இது மிலோங்கா என்கிற அர்ஜென்டினா இசைவகை, புவெனோஸ் ஐரிஸ் ஆட்ட அரங்கில் கேட்கிற வேகமான வகை இல்லை, பாம்பா புல்வெளிக் கிராமங்களின் மெதுவான வகை. எட்டு அட்சரத்தை 3, 3, 2 என்று பிரிக்க வேண்டும். மேற்கத்திய நோட்டேஷனில் பார்த்தபோது குழம்பியது, நம் கொன்னக்கோலில், அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டில், 'தகிட தகிட தக' என்று சொல்லிப் பார்த்ததும் விரலுக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வொரு 'த'வுக்கும் கட்டைவிரல் தடித்த கம்பியில் விழும், மீதி எழுத்துக்களை ஆள்காட்டியும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் எடுத்துக்கொள்ளும். கட்டைவிரல் அழுத்தமாக, மற்ற இரண்டும் கேட்டும் கேட்காமலும். எல்லா விரலும் ஒரே பலத்தில் விழுந்தால் மிலோங்கா போய் ஏதோ கிட்டார் வகுப்புப் பயிற்சி மாதிரி ஆகிவிடுகிறது.

வாசித்துக்கொண்டே பாடுவதுதான் பெரிய பாடு. யுபாங்கியின் குரல் தாளத்தின் மேல் உட்காராது, பேசுகிற மாதிரி கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், கிட்டார் மட்டும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு நான் செய்வது, பாட்டை விட்டுவிட்டு விரலை மட்டும் ஓடவிட்டு வீட்டில் பேச்சுக் கொடுப்பது. "பால் வாங்கியாச்சா?" என்று கேட்டால் 'தகிட' நிற்காமல் பதில் வர வேண்டும். வீட்டில் இதை ரசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் பலன் இருக்கிறது.

யுபாங்கி இடக்கையால் மீட்டுபவர் என்பது ஒரு வசதி. பழைய காணொளிகளில் அவர் எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும், கம்பியை அழுத்துகிற கை நம் அழுத்துகிற கைக்கு நேராகவே தெரியும். அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. அர்ஜென்டினா அதிபர் பெரோனின் ஆட்சியில் சிறையில் இருந்தபோது அவர் வலது கைமேல் தட்டச்சு இயந்திரத்தை வைத்து அதன் மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மீட்டுகிற கை இடது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பி மைனர் போன்ற சில கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டுகள்) அதற்குப் பிறகு கஷ்டமாகவே இருந்தன என்றார். எனக்குக் கை முழுசாக இருந்தும் பி மைனர் கரகரக்கிறது, அதனால் பாட்டை ஏ மைனரில் வைத்துக்கொண்டேன்.

பாடும் விதத்தில் ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது: குழையக் கூடாது. நம் காது பழகிய சோகப் பாட்டில் குரல் உருகும், கடைசி எழுத்து நடுங்கும். இங்கே அப்படி ஒரு அசைவு வந்தால் போதும், வண்டிக்காரன் நம்மிடம் பரிதாபம் கேட்கிறவன் ஆகிவிடுகிறான். பதிவு செய்து கேட்டதில், 'முன்பு இருந்தது' என்கிற வரியைக் கடையில் விலை சொல்வது போல விட்ட தடவைதான் சரியாக வந்தது. சொற்களையும் படிப்பாளி மாதிரித் திருத்தக் கூடாது, 'அபந்தொனாதோ' என்பதை 'அபந்தொனாவோ' என்று கிராமத்து வாக்கில் 'த'வை விழுங்கியே பாட வேண்டும்.

அடுத்தது அவருடைய 'லூனா துக்குமானா'. அது ஸாம்பா, அர்ஜென்டினாவின் வடமேற்கில் கைக்குட்டை வீசி ஆடுகிற மெதுவான ஆட்டத்துக்கான இசை. அதே ஆறு அட்சரம் ஒரே நேரத்தில் 'தகிட தகிட' ஆகவும் 'தக தக தக' ஆகவும் கேட்க வேண்டும். குடைந்த மரத்தில் ரோமம் நீக்காத தோல் போர்த்திய பொம்போ லெகுவேரோ என்கிற முரசு அடிக்கும் அடியைக் கிட்டாரில் காட்ட, வலது கையால் கம்பிகளைத் தட்டி அதே நொடியில் அமுக்குவார்கள். தட்டு வருகிறது, அமுக்கல் இன்னும் அரை நொடி தாமதமாகத்தான் வருகிறது. இப்போதைக்கு இடது கையில் எந்தக் கார்டும் பிடிக்காமல், கம்பிகள்மேல் ஒரு துணியைப் போட்டு வலது கையை மட்டும் பழக்குகிறேன்.