பள்ளத்தூர் வீட்டுச் சாவி

2018 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதி மறைந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் அவருடைய கணக்கை எழுதி முடித்துவிட எல்லோருக்கும் அவசரமாக இருந்தது. ஆகஸ்ட் 8 மாலை, மெரினாவில் அடக்கம் நடந்துகொண்டிருந்தபோது, காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் தொலைக்காட்சி முன்னால் பெரிய வாக்குவாதம். தமிழினத்தின் தலைவர் என்றார் ஒருவர். ஈழத்தைக் கைவிட்டவர் என்றார் இன்னொருவர். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கொழுந்தனார் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது, உள்ளே வந்துவிட்டேன்.

எனக்கு 1988 ஆவணியில் கல்யாணம், தங்கைக்கு 1990 தையில். இரண்டுக்கும் எங்கள் பிறந்த வீடான பள்ளத்தூர் வீட்டின் வளவு, அதாவது உள்முற்றம், நிறையச் சாமான் பரப்பினார்கள். அப்பச்சி (அப்பா) ஒரு கரண்டிகூடக் கூடக்குறையச் செய்யவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கலைஞர் அரசு கொண்டுவந்த திருத்தம், 1989 மார்ச் 25 முதல் செல்லும். அன்று மணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. அதற்கு முன் மணமானவளுக்கு இல்லை. எனக்குத் தவறியது ஏழு மாதம்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. 1998இல் பாகப்பிரிவினை வந்தபோதுதான் பேசினார்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஆண்பிள்ளைகளுக்கு. கோயிலில் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, எண்ணுவதும் ஆண் வழியில்தான். அந்தப் பட்டாலையில் (கூடத்தில்) உட்கார்ந்து பத்திரத்தில் தங்கையின் பெயரை வாசித்தபோது ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் மேற்குப் பக்கத்து அறைச் சாவியை நீட்டினார். ஒரு சாண் நீள இரும்புச் சாவி, வளையம் துருப்பிடித்திருந்தது. தங்கை அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அன்றிரவு அழுதேன். தங்கைமேல் பொறாமை இல்லை. அந்தத் தேதிமேல் தீராத கோபம். 2005இல் மத்தியச் சட்டம் வந்து மணமான பெண்களுக்கும் வழி திறந்தது. எங்கள் பத்திரம் முன்பே பதிவாகிவிட்டதால் எனக்கு அது உதவவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கலைஞர் கொண்டுவந்த அந்த 1989 சட்டம் பெரிய காரியம். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். அது சட்டமாக அறுபது வருஷம். அங்கிருந்து எங்கள் வளவுக்குள் நுழைய இன்னும் ஒன்பது வருஷம். 1990இல் என்னைக் கேட்டிருந்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது என்றிருப்பேன்.

2009ஐ நான் மறக்கவில்லை. எங்கள் ஐயா (தாத்தா) இலங்கைக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய் வந்தவர். இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி ஏப்ரல் 27 காலை அண்ணா நினைவிடத்தில் கலைஞர் தொடங்கிய உண்ணாவிரதம் மதியத்துக்குள் முடிந்தது. போரோ மே மாதம்வரை ஓயவில்லை. அந்த வலி அப்படியே இருக்கிறது. சொத்துரிமையைக் காட்டி அதை ஆற்ற என்னால் முடியாது. அதைக் காட்டி இதை இல்லையென்று சொல்லவும் மனம் வரவில்லை.

மெரினாவில் அடக்கம் நடந்த அன்றிரவு தங்கை தொலைபேசியில் பேசினாள். பள்ளத்தூரில் இருக்கிறாளாம். உதயசூரியனுக்கு ஒருமுறைகூட ஓட்டுப் போடாதவள் அவள்.

"அறையைத் திறந்து கூட்டிவிட்டு விளக்கேற்றினேன் ஆச்சி," என்றாள். "நீங்களும் வந்திருக்கலாம்."