கச்சத்தீவில் அம்மாவின் நேர்த்தி

அந்தோனியாருக்கு அம்மா வைத்த நேர்த்தி ஒருவழியாக இந்தத் தவக்காலத்தில் தீர்ந்தது. தம்பி வெளிநாடு போகிற வழியில் மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லாமல் கிடந்தபோது, அவன் குரலைக் கேட்டால் கச்சத்தீவுத் திருநாளுக்கு வந்து சிலுவைப்பாதை முழுவதையும் வெறுங்காலோடு நடக்கிறேன் என்று வேண்டியிருந்தார். அவன் கோல் எடுத்தான், இப்போது நல்ல வேலையிலும் இருக்கிறான். அம்மா மட்டும் வருடா வருடம் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் காரணம் தெரியும். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர், கடலுக்குப் போன அப்பாவைத் தேடித் தரவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. அந்தோனியாரோடு அம்மாவுக்கு அந்தக் கோபம்.

வெள்ளிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். பேசாமல் பஸ்ஸிலேயே குறிகட்டுவான் போயிருக்கலாம். "நேரே படகடியில இறக்கிவிடுறன் அம்மா" என்று ஒரு மினிவான்காரர் ஏற்றிக்கொண்டு, பண்ணைப் பாலம் தாண்டியதும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நின்று நின்று ஆள் அடைந்து, இறங்கும்போது இரட்டைக் காசும் கேட்டார். திருநாளுக்குப் போகிற சனத்திடம் இப்படி உருவுகிறவர்களை அந்தோனியாரே பார்த்துக்கொள்ளட்டும். இறங்குதுறையில் பதிவு, பைச் சோதனை, வரிசை. வரிசை என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், அங்கே நடந்தது தள்ளுமுள்ளு. பாதுகாப்பு அங்கி போட்டு ஏறியதும் ஜெபமாலையைக் கையில் எடுத்த அம்மா, தீவு தெரியும்வரை கண் திறக்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு அவர் படகில் ஏறியதே அன்றுதான்.

தீவில் குடியிருப்பும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. கொண்டுவந்து கொடுக்கிற தண்ணீருக்குக் கானோடு வெயிலில் நிற்க வேண்டும். தறப்பாள் கட்ட வசதியான இடமெல்லாம் எங்களுக்கு முன்னரே போய்விட்டது. கழிப்பறை வரிசையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். 1905 அளவில் இராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் கட்டிய சிறு கோவில்தான் இதற்கெல்லாம் தொடக்கம், புதிய கோவில் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. இராமேஸ்வரத்துச் சனமும் எங்கட சனமும் சவர்க்காரம், சேலை என்று கைமாற்றிக்கொண்டு, ஏதோ ஒரே ஊர்க்காரர் போலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொடியேற்றம் முடிந்து மாலையில் சிலுவைப்பாதை தொடங்கியது. ஒரு தலத்தில் பாதர் சொன்னது எனக்கு நன்றாகத் தைத்தது. அன்றைக்கு மெசியாவுக்காகக் காத்திருந்த சனம் உரோமை ஆட்சியை உடைக்கிற ஒருவரைத்தான் எதிர்பார்த்தது, அவர் இறந்த பிறகு எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன சீடர் இருவரும் அந்த ஏமாற்றத்தைத்தான் வழிநெடுகப் புலம்பினார்கள், வந்தவரோ பாவத்திலிருந்து மீட்க வந்தேன் என்று சொல்லிச் சிலுவையில் தொங்கினார் என்றார். அவர்களுடைய ஏமாற்றம் எங்களுக்கா விளங்காது? எனக்கு இதில் பல காலமாக ஒரு நெருடல் உண்டு. அடி வாங்கினது நாங்கள், இழந்தது நாங்கள், பிறகு எங்களிடமே வந்து பாவத்தைப் பற்றிக் கேட்டால் எப்படி?

பன்னிரண்டாம் தலம், ஆண்டவர் உயிர் விடுகிற இடம். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். எங்களுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற சீருடைப் பெடியன் ஒருவனும் தொப்பியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும், கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. சீருடையைக் கண்டால் அம்மா பாதை மாறிப் போவார், பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவார். அம்மா அவனைப் பார்த்தார். அவன் முழங்கால் வைத்த இடத்தைப் பார்த்தார். பிறகு தன் வெறுங்காலைக் கொஞ்சம் இழுத்து இடம் விட்டு, "அதில நெருஞ்சி முள்ளுக் கிடக்கு தம்பி, இஞ்சால வாங்கோ" என்றார். அவனுக்குத் தமிழ் விளங்கியதோ என்னவோ, கை காட்டியது விளங்கியது, நகர்ந்து வந்தான். "உலகத்தை மீட்டு இரட்சித்தீர்" என்று எல்லோரும் சொன்னபோது அவன் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தான். சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிற செபம்தான், ஆனால் உலகம் என்றால் அதற்குள் யாரெல்லாம் வருவார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அம்மா பாவசங்கீர்த்தன வரிசைக்குப் போனார். கரையோரம் கதிரை போட்டுப் பாதர்மார் இருந்தார்கள். போனவர் வர நேரமாகிவிட்டது, நான் புட்டுப் பார்சலை வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு அப்படி என்ன பாவம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன், கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தவர், "பசிக்குது, சாப்பிடுவம்" என்றார். அம்மா தானாகப் பசிக்கிறது என்று சொல்லி எவ்வளவு காலம்!

இரவு சுருவம் சுற்றி வந்தபோது கும்பிட்டுக்கொண்டே பார்த்தேன். அந்தோனியார் கையில் பாலன் இயேசு. நாங்கள் விசா, கலியாணம், காணி வழக்கு என்று பட்டியலோடு அவரிடம் ஓடுகிறோம், அவர் பாவம், ஒரு சொல்லும் சொல்லாமல் மீட்பரைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நிற்கிறார். சனிக்கிழமை காலைப் பூசையில் உலகின் பாவங்களைப் போக்கும் செம்மறியே என்று பாடும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அம்மா தெளிவாகப் பாடினார். ஆண்டவரே நன்றி, அந்தோனியாரே நன்றி, தம்பிக்காக நன்றி, கடல் அமைதியாக இருந்ததற்கு நன்றி, அந்தப் பெடியனை எங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியதற்கும் கோடி நன்றி.

திரும்பி வரும்போது அம்மா கண்ணை மூடவில்லை. குறிகட்டுவான் வருவதற்குள் அடுத்த நேர்த்தியும் வைத்துவிட்டார், தம்பிக்கு நல்ல இடத்தில் கலியாணம் சரிவந்தால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவதாக. அப்போது பஸ்ஸில்தான் போவது என்று நான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.