மூலைக்குப் போன குதிரை

ஜூன் 2
அத்தையின் லேப் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 3
தூக்கம் வராமல் செஸ் பலகையை எடுத்து, சோவியத்தின் கோர்ச்னாயும் அமெரிக்காவின் ஃபிஷரும் ஆடிய ஆட்டத்தை மறுபடி வைத்தேன். யூகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவி, 1970 ஏப்ரல் 8, ஆளுக்கு ஐந்து நிமிடம். ஃபிஷருக்குக் கறுப்பு, கிங்ஸ் இந்தியன் என்ற தொடக்கம். ராணிப் பக்கம் கோர்ச்னாய் சிப்பாய்களைத் தள்ள, ராஜாப் பக்கம் ஃபிஷர் தன் சிப்பாய்களோடு எஃப்5, எஃப்4, ஜி5 என்று கட்டம் கட்டமாகக் கிளம்புகிறார். அதுவரை எல்லாரும் ஆடுவதுதான். 24-வது நகர்த்தலில் ஜி6-இல் நன்றாக நின்ற குதிரையைத் தூக்கி எச்8 மூலையில் வைக்கிறார். அங்கிருந்து அதற்குப் போக இரண்டே கட்டம். கடிகாரம் ஓடும்போது யாருக்கு இது தோன்றும்?

ஜூன் 4
அத்தை இரண்டு இட்லி சாப்பிட்டாளாம். சரி.

ஜூன் 5
நடுப்பலகை அடைத்துக் கிடக்கிறது. டி5, இ4-இல் வெள்ளைச் சிப்பாய்கள். இ5, சி5-இல் கறுப்பு. யாரும் உடைத்துக்கொண்டு வர முடியாது. அதனால்தான் குதிரைக்கு ஊர் சுற்ற அவகாசம்: எச்8, எஃப்7, ஜி5. 28-இல் எச்3 சிப்பாயை வெட்டித் தன்னைக் கொடுக்கிறது. பிஷப் செக்கோடு உள்ளே வருகிறது. 31-இல் அதே பிஷப் ஜி4-இலிருந்து ராணியைக் குறிவைக்க, கோர்ச்னாய் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்.

டால், பெட்ரோசியன், ஸ்மிஸ்லோவ் என்று முன்னாள் உலகச் சாம்பியன்கள் எல்லாரும் ஆடிய போட்டி. 22 ஆட்டத்தில் ஃபிஷருக்கு 19 புள்ளி. இரண்டாவது வந்த டாலுக்கு 14½. ஃபிஷருக்கு ஒரே ஒரு தோல்வி, அதுவும் இதே கோர்ச்னாயிடம்தான். முடிந்தபின் அத்தனை ஆட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தார் என்று வாயைப் பிளக்கிறார்கள். ஞாபகசக்தி இருக்கட்டும். கை துறுதுறுக்கும் நேரத்தில் பின்னால் போனாரே, எனக்கு அதுதான் பெரிது.

அத்தையின் முன்னால் சிரித்துக்கொண்டே உட்கார முடியவில்லை. "என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்கிறாள். அவளுக்கா தெரியாது?

ஜூன் 6
எச்8.

ஜூன் 7
எரிச்சல். லேபில் கேட்டால் டாக்டரிடம் கேளுங்கள் என்கிறார்கள், டாக்டர் லேபைக் காட்டுகிறார். போனில் பிளிட்ஸ் என்ற வேக செஸ் ஆடிக் கண்டபடி தோற்றேன். பலகையைத் தொடவில்லை.

ஜூன் 8
மதியம் போன் வந்தது. மறுபடி பார்க்க வேண்டுமாம். நாளை ஏழரைக்கே வரச் சொன்னார்கள், பழைய ஸ்லைடுகளோடு. அவை யாரிடம் இருக்கின்றன? சித்தப்பா போனை எடுக்கவில்லை.