தமிழ் ஒப்புதல் படிவத்துக்கு ஒப்புதல் வாங்கிய கதை

மருந்துப் பரிசோதனைகளை (ட்ரையல்) ஆராய்ந்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டியிடமிருந்து ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தால், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே மொழிப் பட்டியலைப் படித்துவிடுங்கள். ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு, இந்தி, உருது, தமிழ் என்று நோயாளி கையெழுத்திடும் ஒவ்வொரு ஒப்புதல் படிவமும் அதன் வெர்ஷன் எண்ணோடும் தேதியோடும் தனி வரியில் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த கடிதத்தில் தமிழ் இல்லை. அந்த ஒரு வரிக்காகப் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் பெங்களூருவில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் ட்ரையல் அசிஸ்டென்ட். ஃபைல், கடிதம், கொரியர், நோயாளிகளுக்கு போன், பயணப்படி வவுச்சர் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் சர்க்கரை நோய் ட்ரையலில் தமிழர்கள் நிறையப் பேர். அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கத்தவர்கள் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. நடுவில் ஸ்பான்சர், அதாவது ட்ரையலை நடத்துகிற நிறுவனத்தார், ப்ரோட்டோகாலை (ட்ரையலின் செயல்திட்டத்தை) திருத்தினார்கள். குறிப்பிட்ட விசிட்டில் கூடுதலாக ஒரு ரத்த மாதிரி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இப்படி மாறினால் ஏற்கெனவே சேர்ந்தவர்களிடமும் புதிய படிவத்தில் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். கமிட்டி ஒப்புக்கொள்ளாத படிவத்தை நோயாளி முன்னால் வைக்கவே கூடாது. டெல்லியில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியை ஸ்பான்சரே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

சிரமம் முழுக்க இங்கேதான். ஒவ்வொரு மொழிக்கும் படிவம், மொழிபெயர்ப்புச் சான்றிதழ், அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிய பேக் டிரான்ஸ்லேஷன், அதற்கு ஒரு சான்றிதழ் என நான்கு தாள் கட்டுகள். எல்லாவற்றையும் செட் செட்டாக ஸ்பைரல் போட்டு கமிட்டி அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த கிளார்க் தமிழ் செட்டைப் புரட்டிவிட்டு அப்படியே திருப்பித் தள்ளினார். ஆங்கிலப் படிவத்தின் ஃபுட்டரில் ஒரு தேதி, தமிழ்ச் சான்றிதழில் அதற்கு முந்தைய தேதி. ஸ்பான்சர் கடைசி நேரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ திருத்தித் தேதியை மாற்றியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு நிறுவனமோ பழைய நகலை வைத்தே சான்றிதழ் கொடுத்துவிட்டது. அவர் திருப்பியது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மற்ற மொழிகளையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு, "எல்லாம் சேர்ந்து வந்தால்தான் நம்பர் போடுவேன்" என்று சொல்லிவிட்டு மொபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கமிட்டி கூடுவது மாதம் ஒருமுறை. அதற்கான கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்பான்சர் தரப்பில் ட்ரையலைக் கண்காணிக்கும் மானிட்டருக்கு போன் மேல் போன் போட்டு, நிறுவனத்திடம் புதுச் சான்றிதழ் வாங்கி, ட்ரையலுக்குப் பொறுப்பான பி.ஐ. (முதன்மை ஆய்வாளர்) டாக்டரை ஓ.பி. முடிந்து படியிறங்கும்போது பிடித்து கவரிங் லெட்டரில் கையெழுத்து வாங்கி, ஒருவழியாகக் கொடுத்தேன்.

கொடுக்கும்போது நம் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். "மெயில் போட்டுவிட்டீர்களே, போதும்" என்பார்கள். போதாது. பிறகு ஒரு தாள் காணோம் என்றால் அந்த சீல்தான் சாட்சி. ஒவ்வொரு இணைப்பின் பெயரும் கவரிங் லெட்டரில் இருந்தால்தான் அந்த சீலுக்கும் மதிப்பு. "இணைப்புகள்: மேற்கண்டபடி" என்று மொத்தமாக எழுதுவது ஆபத்து.

அந்த மாதக் கூட்டத்தில் கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான உறுப்பினர்கள், சேரவில்லை. மருந்துப் பரிசோதனைகளுக்கான 2019 விதிகளின்படி குறைந்தது 5 பேர் வேண்டும். வெறும் தலைக்கணக்கும் போதாது. மருத்துவ விஞ்ஞானி, மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் போன்ற துறையிலிருந்து ஒருவர், அப்புறம் துறை சாராத பொதுஜனம் ஒருவர் என்று இருக்க வேண்டும். அன்று வக்கீல் வரவில்லை. டாக்டர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்த நாற்காலியை நிரப்ப முடியாது. இந்த விதி நல்ல விதி, மாற்றவே கூடாது என்பேன். ஆனால் வக்கீலுக்குக் கோர்ட்டில் வேலை என்பது முந்தின நாளே தெரிந்திருக்கிறது. மாற்று உறுப்பினரை அழைக்க யாரும் மெனக்கெடவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. கடிதம் வந்தது. மொழிப் பட்டியலில் உருதுக்குப் பிறகு நேராகக் கையெழுத்து! நான் போய்க் கேட்டால், "எல்லா மொழியும் சேர்த்துத்தானே ஒப்புதல் கொடுத்தார்கள்? கூட்டத்தின் மினிட்ஸில் இருக்கும், நீங்கள் பயன்படுத்துங்கள்" என்றார் அதே கிளார்க். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! நாளை ஆடிட் வந்தால் மினிட்ஸையா காட்ட முடியும்? கடிதத்தில் இல்லாத படிவத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், அவர் சரியாகச் சம்மதம் கொடுக்கவே இல்லை என்றுதான் எழுதுவார்கள். ஆடிட்டை விடுங்கள், அந்த மனிதருக்கு நாம் செய்கிற தவறு அது.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகளோடு வந்தார். வெறும் வயிறு. பஸ்ஸில் தண்ணீர்கூட அளவாகக் குடித்திருக்கிறார். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. தமிழ் நன்றாகப் படிப்பார். கன்னடப் படிவத்தைச் சாட்சி வைத்து வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பாரபட்சமில்லாத சாட்சி என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வைத்த ஏற்பாடு. தன் மொழியைத் தடையில்லாமல் படிக்கிறவரைப் படிப்பறியாதவராக ஆக்கிவிடுவதற்கு இல்லை. டாக்டரும் முடியாது என்று சொல்லிவிட்டார், அந்த விஷயத்தில் அவருக்கு ஒரு கும்பிடு. பழைய சம்மதத்தின்படி என்னென்ன செய்யலாமோ அதை மட்டும் செய்து, புதிய ரத்த மாதிரியை எடுக்காமல் அனுப்பினோம். "ஐயா, ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம், இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ" என்றார். அவர் மகளுக்கு அன்றைய கூலி போச்சு. பயணப்படி வவுச்சரில் அதற்கு இடமில்லை.

திருத்திய கடிதம் வேண்டுமென்றால் அதற்கும் பி.ஐ. கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். தவறு அவர்கள் பக்கம், விண்ணப்பம் நம் பக்கம். கமிட்டியின் மெம்பர் செக்ரட்டரி வாரத்தில் சில நாள் மட்டும் வருவார் என்பதால் நேரே அவர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தாளில் அட்டவணை போட்டு எடுத்துப் போயிருந்தேன்: மொழி, வெர்ஷன், படிவத் தேதி, சான்றிதழ் தேதி, நாங்கள் கொடுத்த தேதி. அவர் அதைப் பார்த்தார், மினிட்ஸைப் பார்த்தார், கிளார்க்கைக் கூப்பிட்டு "இதையே அப்படியே கடிதத்தில் போடுங்கள்" என்றார். நான் அங்கேயே நின்று, டைப் ஆகும்போதே வரி வரியாக ஒப்பிட்டேன். உருதுத் தேதியிலும் ஒரு எண் மாறியிருந்தது. அதையும் சேர்த்துத் திருத்திய பிறகுதான் பிரிண்ட்.

ஆகையால் அந்த அட்டவணையை முதல் நாளே கவரிங் லெட்டரோடு கொடுத்துவிடுங்கள். கடிதம் தயாரிக்கிறவருக்கு நகலெடுக்க ஏதாவது இருந்தால் மொழி விட்டுப்போகாது. இன்னொன்று, உங்கள் பி.ஐ. கமிட்டியிலும் உறுப்பினர் என்றால், முடிவெடுக்கும்போது அவர் விலகியிருந்தார் என்ற வரியும் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கமிட்டி செய்திருக்கும் பதிவு 5 வருடத்துக்குத்தான் செல்லும். அதன் நகல் நம் மருத்துவமனையின் ட்ரையல் ஃபைலில் காலாவதியாகிக் கிடக்கலாம்.

பெரியவர் மறுபடி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. புதிய ரத்த மாதிரி பற்றிய பத்தியில் நின்று, "இது எந்த ஊருக்குப் போகுது?" என்று டாக்டரிடம் கேட்டார். தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் எழுதியாயிற்று. நாமினி என்ற இடத்தில் பேனா நின்றது. சம்சாரம் பெயரா, மகள் பெயரா? மகளிடமே கேட்டார். "அம்மா பேரை எழுதுப்பா" என்றாள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, தன் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது அவர் உரிமை, கேட்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த வாரம் ப்ரோட்டோகாலில் அடுத்த திருத்தம் வந்திருக்கிறது. தமிழ்ச் சான்றிதழில் தேதி சரியாக இருக்கிறது. இந்தியில் பழைய வெர்ஷன் எண்ணே நிற்கிறது, மானிட்டருக்கு மெயில் போட்டுவிட்டேன்.