துரிசும் பாசிப்பயறு வேரும்: செம்புறையிலும் கரிசலிலும்

பாலக்காட்டுக்கு மேற்கே புளித்த (அமிலத்தன்மையுள்ள) செம்புறை மண். கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சுண்ணாம்பு கலந்த கரிசல். கமுகுக்கு வருஷாவருஷம் போர்டோ கலவை (துரிசு என்னும் தாமிர சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடித்த தோட்டத்தில் தாமிரம் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஒரே அளவு தாமிரம் இரண்டு மண்ணிலும் ஒரே மாதிரி கெடுக்குமா?

முதலில் மண் இல்லாமல், ஈரத்தாளில் பாசிப்பயறை முளைக்க வைத்து. 3.93 கிராம் துரிசை (மயில்துத்தம்) கரைத்து 1 லிட்டராக்கினால் 1000 பிபிஎம் (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) தாமிரம். அதில் 20 மில்லியை 1 லிட்டராக்கினால் 20 பிபிஎம். மழைநீர் கட்டாயம். போர்வெல் தண்ணீரில் கரைத்த முதல் தடவை வீண்: கார்பனேட் தாமிரத்தை வெளிர்நீல வண்டலாக இறக்கிவிட்டது, வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளாஸ்டிக் பாத்திரமே சரி. இரும்பு பட்டால் செம்பு அதன்மேல் ஏறிவிடும். போர்டோ கலவையில் கத்தி முக்கிப் பார்ப்பது இதற்குத்தானே! ஒப்பிட, எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) அதே 3.93 கிராம். எடைக்கு எடை சல்பேட் கிட்டத்தட்ட சமம் என்பதால், பழி சல்பேட்டின் மேல் போகாது.

ஆறு மணி நேரம் ஊறிய விதையை ஈரத்தாளில் சுருட்டி வைத்து நான்காம் நாள் பிரித்தால், எப்சம் தாளில் வேர் வெள்ளையாக நீண்டு, பஞ்சு மாதிரி வேர்த்தூவி. 20 பிபிஎம்மில் கட்டையான வேர், நுனி பழுப்பு, தூவி இல்லை. தாமிரம் வேர்நுனிச் செல்களின் சவ்வைச் சிதைக்கிறது, பொட்டாசியம் வெளியே கசிகிறது, செல் பிரிவதும் நீள்வதும் நிற்கிறது. அந்த நாளில் மேலே தண்டு பசுமையாகத்தான் இருக்கிறது. இலையைப் பார்த்து முடிவு செய்தால் தாமதமாகிவிடும்.

பிறகு தொட்டி. 2 கிலோ மண்ணுக்கு 0.79 கிராம் துரிசு, அதாவது கிலோவுக்கு 100 மில்லிகிராம் தாமிரம். கலந்து, ஈரமாக இரண்டு வாரம் விட்டுத்தான் விதைக்க வேண்டும். கலந்தவுடன் விதைத்தால் நஞ்சு இருப்பதைவிடக் கடுமையாகத் தெரியும். செம்புறையில் செடி குட்டை, புது இலையில் நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள்: கெட்ட வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை. கரிசலில் வித்தியாசம் குறைவு; சுண்ணாம்பும் களியும் தாமிரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் சுண்ணாம்புக் கரிசலில் துரிசே இல்லாமலும் இந்த மஞ்சள் வரும். அதனால் ஒவ்வொரு மண்ணிலும் துரிசு போடாத தொட்டி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் கணக்கே தப்பு.

மிச்சக் கரைசலை வாய்க்காலில் ஊற்றக் கூடாது, மீனுக்கு ஆகாது. சுண்ணாம்புப்பால் சேர்த்து நீல வண்டலை இறக்கி, தனியே மூடி வைக்கலாம்.

அடுத்தது, துரிசு போட்ட செம்புறையில் கிலோவுக்கு 2 கிராம் சுண்ணாம்பு ஒரு தொட்டிக்கு, மட்கிய சாணம் இன்னொன்றுக்கு. இரண்டும் இப்போது ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன.