தவக்காலத்தில் ஓரியூர் போனோம்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் அம்மாவுக்குக் குரலே இல்லை. தங்கச்சிமடத்தில் இருபது வருடமாகப் பூசைக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்தவள், சைகையில் டீ கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் திரும்பினால், புனித அருளானந்தர் ரத்தம் சிந்திய ஓரியூர் செம்மண்ணில் நின்று அல்லேலூயா பாடுவதாக அவரிடம் நேர்ந்துகொண்டாள்.

குரல் திரும்பியது, பாதிதான். தம்பிக்கு லீவு கிடைத்த நாளாகப் பார்த்துக் கிளம்பி, பஸ் தேவிபட்டினம் தாண்டின பிறகுதான் எனக்கு உறைத்தது, இது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். பாஸ்கா இரவு, அதாவது ஈஸ்டர் இரவு வரைக்கும் அல்லேலூயா என்ற சொல்லையே கோயிலில் பாட மாட்டார்களே! சொன்னதும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொண்டியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் கேட்ட காசுக்கு ராமநாதபுரமே போய் வந்திருக்கலாம். அப்புறம் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு, சுரூபத்தைத் தொட வரிசையில் நின்றே அம்மா களைத்துப் போனாள்.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "1693 பிப்ரவரி 4, அருளானந்தரை வெட்டினது தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன்கிழமைம்மா. அன்னைக்கும் அல்லேலூயா கிடையாது. ஆண்டவரும் கடைசி ராவுணவு முடிச்சு சங்கீதம் பாடிட்டுத்தானே ஒலிவ மலைக்குப் போனார்? சாவுக்குப் போற வழியிலயும் பாட்டு உண்டு. நீங்க மாதா புலம்புற வியாகுலப் பிரலாபம் பாடுங்க."

தவக்காலத்தில் வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும்தான், அன்றைக்கு அதுவும் இல்லை. குரல் உடைந்தால் மூடி மறைக்க கீபோர்டு இல்லை என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்று ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே சுருதி இறங்கியது. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தன்னை இழுத்தால் அது பாவம்தான் என்று புனித அகுஸ்தீன் தன் வாக்குமூலப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார், அவருக்காவது இனிமை இழுத்தது, எனக்குப் பிசிறு!

மகனைப் பறிகொடுத்த மாதா புலம்புகிற இடம் வந்தது. குரல் கிழிந்தது. கிழிந்தது குரலா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பாட்டிகள் கேட்காமலேயே வந்து அடுத்த வரியை வாங்கிக்கொண்டார்கள், யார் பெற்ற பிள்ளைகளை நினைத்தோ. அப்போது நான் சுருதி பார்க்கவில்லை. அருளானந்தரே, அந்தப் பாதிக் குரலுக்கு உமக்குக் கோடி நன்றி.

முந்தானையில் ஒரு பிடி செம்மண் முடிந்துகொண்டு அம்மா சொன்னாள், "அல்லேலூயா பாக்கி நிக்குது. பாஸ்கா கழிச்சு வரணும்டா." சரி, வருகிறோம். அந்த ஆட்டோக்காரரிடம் மட்டும் அடுத்த தடவை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.