மேலே ஏறி என்னத்தை இறக்குகிறார்கள்?

வன்னியில் உயரம் என்றால் எங்களுக்கு இரணைமடுக் குளக்கட்டும் பனையும்தான். பூநகரியில் என் ஐயா கள்ளுச் சீவியவர். அதனால் யாராவது ஏறுவதைக் கண்டால் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

ஜோர்தானில், அகபாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த காலம். லீவு நாளொன்றில் வாடி ரம் பாலைவனத்துக்குப் போனேன். அடியில் கருங்கல், அதன்மேல் செம்மணற்கல் செங்குத்தாக எழும்பி நிற்கிறது. உச்சியில் வெளிறிய மொட்டைப் பாறைகள். ஜெபல் ரம் மலை மட்டும் 1,734 மீட்டர்.

முதல்நாள் இரவு மழை. நான் போனபோது நல்ல வெயில், பாறை காய்ந்துதான் தெரிந்தது. ஆனாலும் ஏற வந்த நாலு பேர் கயிறுகளை ஓரமாகப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பெதுயின் கிழவர், அந்தப் பாலைவனத்துச் சனத்தில் ஒருவர், சுவரடி மணலை விரலால் கிண்டிக் காட்டினார். மேலே பொடி, கீழே ஈரம். "நாளைக்கு" என்றார்.

மழை விட்ட கையோடு ஐயாவும் ஏறமாட்டார். ஒருநாள் ஏறித்தான் இடுப்பு போனது. ஆனால் பனை வழுக்கும், மணற்கல் உடையும். அதன் மணிகளை ஒட்டிவைத்திருக்கும் களியும் உப்பும் ஈரத்தில் இளகிவிடும். வெளித்தோல் காய்ந்தாலும் உள்ளே நனைந்தபடியே இருக்கும். பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும், விழுந்தால் கயிற்றைத் தாங்க வெடிப்புக்குள் செருகும் 'காம்' என்ற விரியும் உலோகப் பிடியும் கல்லை அரைத்துக்கொண்டு கழன்றுவிடும்.

இன்னொரு நாள் லீவு கேட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த ஏற்றத்தைப் பார்க்காமல் எப்படிப் போவது?

அவர்கள் விளிம்பைப் பிடித்து ஏறவில்லை. நீண்ட வெடிப்பொன்றுக்குள் கையை விட்டு, பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கினார்கள். கை தடித்து இறுகிக்கொள்கிறது. பாதத்தைச் சரித்து நுழைத்து, முழங்காலை நிமிர்த்தித் திருகினால் அதுவும் பூட்டிக்கொள்கிறது. புறங்கை உரியாமலிருக்க பிளாஸ்டர் சுற்றியிருந்தார்கள். ஐயா பனையேறக் காலில் மாட்டும் நார் வளையமான தளைநாருக்கும் இதே வேலைதான்: இரண்டு பாதமும் மரத்தை நெரிக்கும், அந்த நெரிப்பில்தான் ஆள் நிற்கும். தளைநாருக்குப் பதில் இங்கே மலையே காலை நெரிக்கிறது.

1984இல் டோனி ஹோவர்ட் முதலான பிரித்தானியர் வந்து வழிகளைத் தேடிக் குறித்த பிறகுதான் இந்த இடம் வெளியுலக ஏறிகளிடம் பேரெடுத்தது. அதற்கு முன்பே பெதுயின் வேட்டைக்காரர்கள் கயிறில்லாமல் போய் வந்திருக்கிறார்கள். எட்டாத இடத்தில் கல்லை அடுக்கிப் படி வைத்திருக்கிறார்கள். 1952இல் இரண்டு ஐரோப்பியப் பெண்களை ஜெபல் ரம் உச்சிக்குக் கூட்டிப்போனவர் ஷேக் ஹம்தான். அந்த வழிக்கு இன்றும் அவர் பெயர்தான். ஹம்மாத் வழி என்றும் ஒன்று உண்டு. சீவல்காரன் பெயரில் எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கைகூட இல்லை. சரி, அது வேறு கதை.

இரவு ஐயாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேல ஏறி என்னத்தை இறக்கிறவங்கள்?" என்றார்.

"ஒண்டுமில்லை ஐயா. சும்மா ஏறி இறங்கினம்."

"விசரங்கள்."

"முந்தி அந்த ஊர்ச் சனம் மலையாடு வேட்டைக்கு ஏறினதாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எத்தினை ஆடு விழுமாம்?" என்றார்.